ஆறாம் மாதத்தில் இரண்டு நாள் வவுனியா: ஒரு தங்கும் வீடும் ஓர் எல்லே போட்டியும்

கடந்த ஆடி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளையும் வவுனியா நகரில் கழித்தோம். வயிற்றில் பிள்ளைக்கு அப்போது 22 வாரம். என் தங்கச்சி விளையாடும் பெண்கள் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லே என்ற தடி-பந்து விளையாட்டின் இறுதிப் போட்டி இருந்தபடியால், அதைப் பார்ப்பதற்கென்றே ஒட்டுசுட்டானிலிருந்து நானும் கணவரும் புறப்பட்டோம். நாங்கள் தங்கிய வீட்டைப் பற்றியும், போட்டி நடந்த மைதானத்தில் ஒரு கர்ப்பிணிக்கு என்ன வசதி இருந்தது என்பதைப் பற்றியும் இங்கே விரிவாக எழுதுகிறேன். "அறை சுத்தம், சாப்பாடு நல்லது" என்று இரண்டு வரியில் முடிகிற மதிப்பீடுகள் பிள்ளைத்தாச்சிக்கு உதவமாட்டா. எத்தனை படி ஏறவேண்டும், கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை எட்டு, அதன் நிலம் வழுக்குமா, நள்ளிரவில் கூப்பிட்டால் யாராவது எழுந்து வருவார்களா என்பவைதான் அவளுக்குத் தெரியவேண்டியவை. புறப்படும் முன்னர் இவற்றைப் பலரிடம் விசாரித்தேன். ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் துளியும் விருப்பம் இருக்கவில்லை. "வயித்தில பிள்ளையோட பந்தடிக்கிற இடத்துக்கு ஆரும் போவினமோ?" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வவுனியா என்றால் இன்றைக்கும் போர்க் காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடியும், பொதிகளை இறக்கி ஏற்றி வெயிலில் நின்ற வரிசையுமே முதலில் நினைவுக்கு வரும். எங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டி, இரத்த அழுத்தம் முதலியவை சரியாக இருப்பதைப் பார்த்த பின்னர், போய்வரலாம் என்றார். ஆனால் சில நிபந்தனைகள் விதித்தார். கொப்பி எப்போதும் கைப்பையில் இருக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழும்பாமல் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக்கூடாது. பந்து வரும் பக்கத்தில் உட்காரக்கூடாது.

தண்ணீர் பற்றிய நிபந்தனையைத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் மீறுவோம். போகிற இடத்தில் மலசலகூடம் இராது என்று தெரிந்தால், விடிந்ததிலிருந்தே தண்ணீர் குடியாமல் விட்டுவிடுவது எங்களுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழகிப்போன ஒன்று. கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று இலகுவில் பற்றிக்கொள்ளும் என்பதால் அப்படிச் செய்யவே கூடாது என்று அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். ஆகவே இந்தப் பயணத்தில் நான் எல்லா இடங்களையும் அந்த ஓர் அளவுகோலாலேயே அளந்தேன்: இங்கே நான் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாமா?

இப்படியொரு பயண ஆசையை எனக்குள் விதைத்தவள் ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா. மூத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஏழாம் மாதத்தில் அவள் அங்கே புளூ ஜேஸ் அணியின் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனாள். 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து உலகத் தொடரை வென்ற அணி அது. அத்தான் அதன் தீவிர ரசிகர். திறந்து மூடக்கூடிய கூரையுள்ள அந்தப் பெரிய அரங்கத்தைப் பற்றி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, ஆட்டத்தைவிட அங்கிருந்த வசதிகளைத்தான் நான் கூடுதலாகக் கேட்டறிந்தேன். மாடிக்கு ஏறப் படி தேவையில்லை, கழிப்பறைக்குக் கிட்டவாக இருக்கை எடுத்தோம், அடிப்பவருக்குப் பின்னால் பார்வையாளரைக் காக்க வலை கட்டியிருக்கிறார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேஸ்போல் எங்கள் எல்லேக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டிலும் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. அடித்த பின் நிலைகளைத் தொட்டு ஒரு சுற்று ஓடி வரவேண்டும். அடித்த பந்தை எதிரணி நிலத்தில் விழாமல் பிடித்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார். ஓடுகிறவரின் உடம்பில் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்வது எல்லேயில் மட்டும் உள்ளது. பாடசாலையில் ஐந்து வருடம் எல்லே விளையாடிய எனக்கு, முதுகில் பட்ட அந்த எறிகளின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. நெடுங்கேணி வழியாக நேரே பஸ்ஸில் போவதைத் தவிர்த்து, மாங்குளம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து வவுனியாவுக்குப் புகையிரதத்திலும் போனோம். போர்க் காலத்தில் தண்டவாளமே இல்லாமற்போய், 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சி வரை மீண்டும் திறக்கப்பட்ட பாதை இது. புகையிரதத்தில் எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு என்பதற்காகவே இந்தச் சுற்றுவழியைத் தெரிந்தெடுத்தோம். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் படி உயரம் என்பதால் கட்டாயம் ஒருவர் கைகொடுக்கவேண்டும்.

வவுனியாவில் முதலில் நாங்கள் பதிவுசெய்திருந்தது வேறொரு விடுதி. கீழ்த்தள அறையும் கொமேட் உள்ள கழிப்பறையும் வேண்டும், நான் கர்ப்பிணி என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லி, 1,500 ரூபாய் முற்பணமும் அனுப்பியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது கீழ் அறைகள் யாவும் திருமண வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன என்று சொல்லி, இரண்டாம் மாடி அறையின் திறப்பை நீட்டினார்கள். மின்தூக்கி கிடையாது, படிகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கைப்பிடி இருந்தது, அதுவும் முதல் மாடியோடு முடிந்துவிட்டது. கணவர் மேலே போய்ப் பார்த்து, 36 படி என்று எண்ணிக்கொண்டு வந்தார். ஓர் இரவில் நான் மூன்று நான்கு தடவை எழும்புகிறவள் என்றாலும் கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதே என்று அங்கிருந்தவர் வாதாடினார். சாப்பிடவும் போட்டிக்குப் போகவும் திரும்பவும் நான் இறங்கி ஏறவேண்டும் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. முற்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. மறுத்துவிட்டு வெளியில் வந்து நின்றபோது, எங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரத் தம்பி இன்னும் போகாமல் நின்றார். "அக்கா, குருமன்காட்டுப் பக்கம் ஒரு வீடு இருக்கு. போட் ஒண்டும் இல்லை, ஆனால் நல்ல சனம்" என்று அவரே தொலைபேசியில் பேசி, எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டைப் பற்றித்தான் முக்கியமாக எழுதவேண்டும். அது விடுதி என்று பதிந்து நடத்தப்படும் பெரிய இடமன்று. பிள்ளைகள் வெளிநாடு போன பின்னர், வயதான கணவனும் மனைவியுமாக மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று. கீழ் அறைக்கு விறாந்தையிலிருந்து தனி வாசல் உண்டு. முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏற இரண்டே படி, அவையும் அகலமானவை. வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தவுடன் கேட்ட முதற்கேள்வி எத்தனை மாதம் என்பது, இரண்டாவது கேள்வி, "வலப்பக்கம் படுப்பீங்களோ, இடப்பக்கம் படுப்பீங்களோ பிள்ளை?" என்பது. இடப்பக்கம் என்றேன். உடனே கணவரையும் தன் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, நான் இடப்பக்கம் சரிந்து படுத்தால் சுவரைப் பார்க்காமல் கழிப்பறைக் கதவைப் பார்த்தபடி கிடக்கும் வண்ணம் கட்டிலைத் திருப்பிப் போடச் செய்தார். எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லாத இந்தக் கவனத்தை நான் வேறெந்த விடுதியிலும் கண்டதில்லை.

கட்டில் தேக்கு மரத்தால் ஆனது, உட்கார்ந்தால் கால் முழுதாக நிலத்தில் படும் உயரம். பதிந்த கட்டிலிலிருந்து வயிற்றோடு எழும்புவது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மெத்தை தும்பு மெத்தை. சற்று இறுக்கமானது, ஆனால் இடுப்புக்கு அதுவே சுகமாக இருந்தது. முழங்கால்களுக்கிடையில் வைக்க ஒரு தலையணை மேலதிகமாகக் கேட்டேன், மூன்று தந்தார்கள். நுளம்புவலையை விரித்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றுமில்லை. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் நிலைமை பாரதூரமாகும் என்பதால் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். மாலையில் கொளுத்தி வைத்திருந்த நுளம்புத்திரியின் மணம் எனக்குக் குமட்டலைத் தந்தது, சொன்னவுடன் எடுத்துவிட்டார்கள். குளிரூட்டி இல்லை, மின்விசிறி மட்டுமே. ஆடி மாதத்துச் சோளகக் காற்று யன்னலால் நன்றாக வந்தபடியால் இரவில் அது போதுமாக இருந்தது, ஆனால் மதியத்தில் அறைக்குள் புழுக்கம் தாங்கமுடியாது.

குளியலறை சுத்தமானது. கொமேட் உண்டு, தண்ணீர் தடையில்லாமல் வந்தது, நிலத்துக்குச் சொரசொரப்பான ஓடு பதித்திருந்தார்கள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு காலடி. ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும். முதலாவது, குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு கட்டு இருக்கிறது; தண்ணீர் அறைக்குள் வராமல் தடுப்பதற்குக் கட்டியது. நிலமும் அந்தக் கட்டும் ஒரே சாம்பல் நிறமாக இருப்பதால், அரைத்தூக்கத்தில் எழும்பும் ஒருத்திக்கு அது கண்ணில் படாது. அன்றிரவே என் பெருவிரல் அதில் இடித்தது. கதவுநிலையைப் பிடித்திருந்தபடியால் விழவில்லை. இரண்டாவது, கொமேட்டிலிருந்து எழும்புவதற்குச் சுவரில் பிடிகம்பி இல்லை. துவாய் தொங்கவிடும் மெல்லிய கம்பி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதைப் பிடித்து எழும்ப யாரும் முயலவேண்டாம், இரண்டு ஆணியில் நிற்கும் கம்பி அது.

குடிதண்ணீர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வன்னி நிலத்துக் கிணற்று நீரின் கடினத் தன்மை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக் கேத்தலின் அடியிலும் வெள்ளைப் படிவு இருந்தது. எனினும் குடிப்பதற்கு அவர்கள் வடிகட்டிய நீரையே வாங்கி வைக்கிறார்கள். ஒரு பெரிய போத்தலும் மூடியிட்ட ஒரு குவளையும் அறையிலேயே இருந்தன. போத்தல் காலியானதும் கேட்காமலே மாற்றினார்கள். அங்கே நான் பயமில்லாமல் குடித்தேன்.

சாப்பாட்டை முன்கூட்டியே சொன்னால் சமைத்துத் தருவார்கள். சனி இரவு புட்டும் விரால்மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் தந்தார்கள். உறைப்பைக் குறைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். குழம்பில் அது கூடுதலாக இருந்தது, இரவு நெஞ்செரிவு வந்தது. ஞாயிறு காலை இடியப்பமும் சொதியும் சம்பலும். சாப்பிட்ட கையோடு தேநீர் கொண்டு வந்து வைத்தார் வீட்டுக்கார அம்மா. சாப்பாட்டுக்குப் பிறகுதான் நான் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் போடுவது வழக்கம், தேநீர் அந்தச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் இப்போது குடிக்கமாட்டேன் என்றேன். அவர் தேநீரை எடுத்துக்கொண்டு போய், தோட்டத்துத் தேசிக்காயைப் பிழிந்து சீனி குறைவாகக் கரைத்துக்கொண்டு வந்தார். அவருடைய காலத்தில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளிருக்கவில்லை, மாத்திரையைத் தேநீரோடுதான் விழுங்கினோம் என்று அருகில் இருந்து கவலையோடு கதைத்தார்.

இரவு இரண்டு மணியளவில் கெண்டைக்கால் பிடித்து நான் அலறியதற்கு, கணவர் காலை நீட்டிப் பிடிப்பதற்கு முன்னரே விறாந்தையில் விளக்கு எரிந்தது. அம்மா சுடுதண்ணீரைப் போத்தலில் ஊற்றி, துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அறைக்கதவின் உட்புறத்தில் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும், மிகக் கிட்டிய ஓட்டோக்காரரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அங்கிருந்து ஓட்டோவில் அதிக நேரம் எடுக்காது. அது தேவைப்படவில்லை, எனினும் அந்தத் தாளைப் பார்த்த பின்னர்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஐந்து மணிக்கு அயலிலிருந்த அரவை ஆலையின் சத்தம் எழுப்பிவிட்டது. பிந்தித் தூங்க விரும்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி மைதானம். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லும் குறை எங்கள் மாவட்டங்களின் மைதானங்கள் பலவற்றுக்கும் பொருந்தும். புறப்படும்போது வீட்டுக்கார அம்மா, "அங்க வாங்குதான் கிடக்கும் பிள்ளை, சாய ஏலாது" என்று சொல்லி, தன் விறாந்தையிலிருந்த கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரையை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். அங்கே வாங்குகூட இருக்கவில்லை; கதிரைகள் பிரதம விருந்தினருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் பந்தலின் கீழ் போடப்பட்டிருந்தன, மற்றவர்கள் வெயிலிலும் மதிலிலும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு வேப்பமர நிழலில் என் கதிரையைப் போட்டோம். அடிப்பவரின் பின்பக்கமாக, நன்றாகத் தள்ளி, பந்து வரும் வாய்ப்புக் குறைந்த கோணம் அது. பேஸ்போல் பந்து ஏறத்தாழ 145 கிராம் நிறை கொண்டது, அன்று அவர்கள் விளையாடிய ரெனிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. ஆனாலும் நீண்ட தடியின் முழு வீச்சில் பட்டால் அது வரும் வேகத்தில் வயிற்றை மறைக்க நேரம் கிடைக்காது. வலை கட்ட வசதியில்லை என்றால், அடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கயிறாவது இழுத்துக் கட்டி, சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அதற்கு அப்பால் இருத்தலாம்.

ஆட்டம் மிக நன்றாக இருந்தது. பெண் பிள்ளைகளின் எறிகள் ஆண்களின் எறிகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் சப்பாத்தில்லாமல் அந்தச் செம்மண்ணில் திரும்பித் திரும்பி ஓடுவதைப் பார்க்கும்போது என் கால்களும் கதிரைக்குக் கீழே அசைந்துகொண்டுதான் இருந்தன. சொன்னபடி நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலம் கடந்ததும் எழும்பவேண்டி வந்தது. மைதானத்தின் மூலையில் புதிதாகக் கட்டிய கழிப்பறை ஒன்று இருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது. திறப்பு யாரிடம் என்று கணவர் மூன்று பேரிடம் கேட்டார். அதை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை என்பது கடைசியாகக் கிடைத்த பதில். வெளியே போய், தெருவின் எதிர்ப்பக்கம் மூன்றாவது வீட்டுப் படலையைத் தட்டி, முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் போக முடிந்தது. அவர் ஒரு சொல் கேளாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கே நிற்கையில்தான் மைதானத்திலிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது.

தங்கச்சி மூன்றாவது வாய்ப்பில் அடித்த பந்து எதிரணியின் கடைசிப் பிள்ளையையும் தாண்டிப் போய் விழுந்து, அவள் எந்த நிலையிலும் நிற்காமல் முழுச் சுற்றும் ஓடி முடித்திருக்கிறாள். அன்றைய போட்டியில் அப்படி ஓடப்பட்ட ஒரே சுற்று அது. ஒட்டுசுட்டானிலிருந்து நான் வந்தது எதற்காகவோ, அந்த நிமிடத்தில் நான் ஒரு வேற்று வீட்டின் பின்வளவில் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் கதிரைக்கு ஓடிவந்து, "அக்கா, பாத்தனியோ?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பூட்டும் திறப்பும் மட்டுமே சம்பந்தப்பட்ட விடயம் இது. கட்டடம் இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, போட்டி நடக்கும் நாளில் அதைத் திறந்துவைக்க ஒருவரை நியமிப்பதற்குச் செலவும் இல்லை. விளையாடிய அத்தனை பெண் பிள்ளைகளும் அந்த அரை நாளும் தண்ணீரைக் குறைத்துக் குடித்துக்கொண்டு வெயிலில் ஓடியிருக்கிறார்கள் என்பதைத் தங்கச்சி பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். பரிசளிப்பு முடிந்ததும் ஒழுங்கமைப்பாளர் ஒருவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

தங்கச்சியின் அணி இரண்டு ஓட்டங்களால் வென்றது.

அறைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 4,000 ரூபாய் எடுத்தார்கள். சாப்பாடு தனி, ஆளுக்கு ஒரு வேளை 600 ரூபாய். போட்டி முடிந்து மதியம் திரும்பி வந்து மாலை வரை படுத்தெழும்பியதற்கு மேலதிகமாக எதுவும் வாங்கவில்லை. இந்த விலைக்கு இதைவிடப் பளபளப்பான அறை நகரத்தில் கிடைக்கலாம். நான் மறுபடியும் போனால் இங்கேதான் தங்குவேன். கர்ப்பிணிகளும் முழங்கால் நோவுள்ள வயதானவர்களும் கீழ் அறையைத்தான் கேட்கவேண்டும், அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேல் அறைகளுக்குப் போகும் வெளிப்படிகள் ஒடுக்கமானவை, மழை நாளில் ஆபத்தானவை. இறங்கி வரும்போது குளியலறைக் கட்டையும் பிடிகம்பியையும் பற்றி வீட்டுக்காரரிடம் பணிவாகச் சொன்னேன். ஆவணி நடுவில் கணவர் வேறு வேலையாக வவுனியாவுக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். கொமேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கனமான பிடிகம்பி ஒன்று பதித்திருக்கிறார்களாம். கட்டை உடைக்க முடியாது என்பதால் அதன் மேல் மஞ்சள் வர்ணம் பூசியிருக்கிறார்கள். அம்மா அதைக் காட்டி, இரவில் தெரியுமா என்று என்னிடம் கேட்டுச் சொல்லும்படி சொல்லி அனுப்பியிருக்கிறார்.